மிதியடிக்கு அடியில் ஒன்பது மாதம்

கோயமுத்தூர் சிங்காநல்லூர் வீட்டை ஆனி கடைசியில் காலி செய்தோம். ஆடி பிறந்துவிட்டால் யாரும் குடி போக மாட்டார்கள், புது வீட்டுக்காரரும் பால் காய்ச்ச விடமாட்டார், அதனால் இரண்டே வாரத்தில் எல்லாவற்றையும் மூட்டை கட்ட வேண்டியதாகிவிட்டது. நாலு வருஷம் இருந்த வீடு. வாடகை 9,000, அட்வான்ஸ் 50,000. கடைசி நாள் கேஸ் சிலிண்டரை நகர்த்தி, அதற்கு முன்னால் கிடந்த மிதியடியையும் மடித்து எடுத்தபோது, வீட்டுக்காரம்மாவின் மகன் சரியாகச் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்கண்ணா இது?"

தரையில் ஒரு டைல்ஸ், நடுவில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குச் சில்லு பெயர்ந்து, அதிலிருந்து நாலு பக்கமும் கோடு ஓடியிருந்தது. ஒரு கோடு மூலை வரைக்கும். எனக்கு அது புதிதல்ல, ஒன்பது மாதமாக அதன் மேல்தான் நின்று தோசை சுட்டிருக்கிறேன்.

நடந்தது இதுதான். போன தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, உளுந்து ஆட்டி முடித்துவிட்டுக் கிரைண்டரைக் கழுவினேன். கல்யாணத்துக்கு மாமியார் வீட்டில் சீராகக் கொடுத்த பழைய மாடல் கிரைண்டர், கோயமுத்தூர் தயாரிப்பு, குழவியைத் தனியாகத் தூக்க இரண்டு கை வேண்டும். உளுந்து மாவின் வழவழப்பு உங்களுக்குத் தெரியும். சிங்க்குக்குக் கொண்டுபோகும் வழியில் கையை விட்டு நழுவியது. காலில் விழவில்லை என்று மனைவி சாமிக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்தாள். நான் மிதியடியைத் தேடினேன்.

அன்றைக்கே மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தீபாவளி முடியட்டும் என்று விட்டேன், அப்புறம் பொங்கல், அப்புறம் வாடகை ஏற்றுகிற மாதம், அந்த நேரத்தில் போய் எதற்கு என்று விட்டேன். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி வாடகை கொடுக்கும்போது அந்தம்மா காபி கொடுப்பார்கள், நானும் குடித்துவிட்டு இறங்கி வந்துவிடுவேன்.

சரி, கணக்குக்கு வருகிறேன். மறுநாள் மகன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். பெயிண்டிங் 9,000. சமையலறைத் தரை 16,000. பாத்ரூம் 3,000. ஆக 28,000 போக 22,000 தருகிறோம் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடைந்தது ஒரு டைல்ஸ், சமையலறை எட்டுக்குப் பத்து, போட்டிருப்பது இரண்டுக்கு இரண்டு டைல்ஸ், அதாவது மொத்தமே இருபதுதான். ஒன்றுக்கு இருபதா? "அந்த ஷேடு இப்ப வர்றதில்லீங்கண்ணா, ஒண்ணு மட்டும் மாத்துனா ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும்" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின டைல்ஸ் எந்தக் கடையில் கிடைக்கும்?

அன்று இரவு உட்கார்ந்து சட்டத்தைப் படித்தேன். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், 108-ஆம் பிரிவு: குடியிருப்பவர் வீட்டை எந்த நிலையில் வாங்கினாரோ அதே நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஆனால் இயல்பான தேய்மானத்துக்கும் நம் சக்திக்கு மீறிய சேதத்துக்கும் அவர் பொறுப்பில்லை. குழவிக்கல் நழுவியது இந்த இரண்டில் எதிலும் சேராது, எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் சேராது. வேண்டுமென்று செய்யவில்லை என்பது உண்மைதான், ஆனால் உடைத்தது நான்.

தமிழ்நாட்டுக்கென்று 2017-இல் இயற்றி, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டமும் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடிக்க வேண்டியதைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. அதன் பின்னால் ஓர் அட்டவணை, எந்த ரிப்பேர் யாருடையது என்று. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், பைப் மாற்றுவது, வயரிங், இதெல்லாம் வீட்டுக்காரர் பக்கம். குழாய், வாஷர், சுவிட்ச், கீசர் ரிப்பேர், கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி எல்லாம் நம் பக்கம். இதைப் படித்ததும் கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. நாலு வருஷமாக ஒரு வாஷர் தேய்ந்தால்கூட நான் அந்தம்மாவுக்குத்தான் போன் போட்டேன், அவர்களும் ஆள் அனுப்பினார்கள்.

அதே சட்டம், வீட்டில் ஏதாவது சேதமானால் குடியிருப்பவர் உடனே வீட்டுக்காரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த வரியை வேகமாகத் தாண்டினேன்.

இந்தச் சட்டத்தில் வரும் வாடகை அதிகாரியிடம் போகலாமா என்று நண்பன் கேட்டான். எங்கள் ஒப்பந்தமோ முத்திரைத்தாளில் டைப்படித்துக் கையெழுத்துப் போட்டு பீரோவில் வைத்தது, சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டியதைச் செய்யாதது. எடுத்துப் பார்த்தேன். ஃபேன் 3, டியூப் லைட் 4, கீசர் 1 என்று எண்ணி எழுதியிருக்கிறது, எது எந்த நிலையில் இருந்தது என்று ஒரு வரி இல்லை. காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்தம் என்பது மட்டும் தெளிவாக இருந்தது, கீழே என் கையெழுத்து. அந்த 9,000-க்கு நான் மல்லுக்கட்டவில்லை.

பாத்ரூமுக்கு மட்டும் விடவில்லை. அது உப்புத் தண்ணி செய்த வேலை. போர் தண்ணியில் நாலு வருஷம் குளித்தால் குழாய் வாயில் வெள்ளையாகச் சுண்ணாம்பு கட்டத்தான் செய்யும், சுவர் டைல்ஸ் மங்கத்தான் செய்யும், அந்த ஏரியாவில் வீட்டுக்காரர்களே குடியிருக்கிற மாடியிலும் அப்படித்தான் இருந்தது. "மேல உங்க பாத்ரூமை ஒருக்கா பார்க்கலாங்களா?" என்று கேட்டேன். மகன் சிரித்துவிட்டு அந்த வரியை அடித்தார். காலி செய்வதற்கு முந்தின நாள் இந்தக் கறையை எடுக்க ஆசிட் ஊற்றுகிற பழக்கம் பலருக்கு உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள். கறை தண்ணியின் கணக்கு. ஆசிட்டில் தரை வெளுத்துக் குழாயின் மினுமினுப்பு போனால் அது உங்கள் கணக்கில் வந்துவிடும்.

டைல்ஸ் விஷயம் மேஸ்திரி வந்த பிறகுதான் முடிந்தது. ஒண்டிப்புதூர்க்காரர், அறுபது வயதிருக்கும். வந்ததும் உடைந்ததை அவர் பார்க்கவே இல்லை, சுற்றியிருப்பதையெல்லாம் கரண்டிப் பிடியால் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங், பொத். உடைந்ததற்குப் பக்கத்து டைல்ஸ். "இதுவும் எழும்பிப் போச்சுங்க. விரிசல்ல தண்ணி இறங்கியிருக்குது." சிங்க்குக்குக் கீழே இருக்கிற இடம், தினம் இரண்டு வேளை தண்ணீர் சொட்டும் இடம், மேலே ஈர மிதியடி வேறு. ஒன்பது மாதம்.

வீட்டுக்காரம்மா அதுவரைக்கும் ஒன்றும் பேசவில்லை. அப்போதுதான் சொன்னார்கள். "ஏனுங் தம்பி, அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒண்ணோட போயிருக்குமல்லோ?" கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்த 28,000 சீட்டைவிட இது உறைத்தது, ஏனென்றால் பதில் இல்லை.

உடைந்ததைப் பெயர்த்த பிறகு மேஸ்திரி இன்னொன்றும் காட்டினார். அடியில் கலவையை முழுக்கப் பரப்பாமல் நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாக வைத்து ஒட்டியிருக்கிறார்கள், இடையில் காலி. அங்கே கல் விழுந்தால் விரியாமல் என்ன செய்யும், முழுக் கலவை இருந்திருந்தால் சில்லு மட்டும் போயிருக்கும் என்றார். மகன் முகத்தைப் பார்த்தேன், நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குச் சொல்லிக்காட்டும் யோக்கியதை இல்லை.

"வீடு கட்டினப்ப மிச்சமானது எங்காச்சும் இருக்குங்களா?" என்று மேஸ்திரி கேட்டதும் அந்தம்மாவுக்கு நினைவு வந்து, மொட்டைமாடிப் படிக்குக் கீழே பழைய பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் தேடினால், அட்டைப்பெட்டியில் நாலு டைல்ஸ். அதே ஷேடு. 16,000 ரூபாய்ப் பேச்சு அங்கேயே நின்றது. மேஸ்திரி கூலி 1,400, சிமெண்டும் கிரௌட்டும் 350, இரண்டு டைல்ஸுக்கும் நானே தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது டைல்ஸ் முழுக்க என் திருட்டுத்தனத்துக்கான பில். பெயிண்டிங்கோடு சேர்த்து 10,750. கரண்ட் பில் ரீடிங் வரவில்லை என்று 1,000 நிறுத்தி, 38,250 கையில் கொடுத்தார்கள். அடுத்த வாரம் பில் 640 வந்ததும் மீதி 360-ஐ மகன் கூகுள் பேயில் அனுப்பிவிட்டார்.

இப்போது இருப்பது திருப்பூர், அவிநாசி ரோட்டுப் பக்கம். பால் காய்ச்சிய அன்றே, சாமான் இறக்குவதற்கு முன்னால், ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கத் தட்டிப் பார்த்தேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். ஹாலில் கதவுக்குப் பின்னால் ஒன்று பொத்தென்றது, பாத்ரூம் வாஷ்பேசினில் முடி மாதிரி ஒரு கீறல். இரண்டையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "பரவால்லீங் தம்பி, அது பழசு" என்று பதில் வந்தது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். குழவியைக் கழுவ இப்போது பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்குத்தான் கொண்டுபோகிறேன், கீழே இரண்டாக மடித்த கோணிச் சாக்கு.