பட்டுச் சாயம் திட்டுத் திட்டாக விழுவது ஏன்?

டெக்ஸ்டைல் கெமிஸ்ட்ரி படிக்கிறவர்கள் கையில் பட்டு நூலைக் கொடுத்துச் சாயம் போடச் சொன்னால், திட்டு விழுந்ததும் முதல் பழி சாயப்பொடி மேல்தான். திருபுவனம், கும்பகோணம் பக்கம் புராஜெக்ட் செய்ய வருகிற மாணவர்களும் சாயத்தின் பிராண்டைத்தான் முதலில் கேட்பார்கள். பெரும்பாலும் தப்பு அதற்கு முன்பே, பசை எடுக்கும்போதே நடந்து முடிந்திருக்கும்.

கச்சாப் பட்டின் எடையில் சுமார் 20 முதல் 25 சதவீதம் செரிசின் என்ற பசை. அது போனால்தான் உள்ளே இருக்கும் ஃபைப்ராயின், அதாவது நிஜமான பட்டு இழை, சாயத்தைச் சமமாக வாங்கும். ஒரு கிலோ நூலுக்கு 200 கிராம் நல்ல சோப்பு, 30 லிட்டர் தண்ணீர், பி.எச். 10-ஐ ஒட்டி வருமளவு சலவை சோடா, 90–95 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. பசை சீக்கிரம் போகட்டும் என்று சோடாவைக் கூட்டினால் ஃபைப்ராயினும் சேர்ந்து அடிவாங்கும். நூல் பலமிழந்து தறியில் அறுந்துகொண்டே இருக்கும். முடிந்ததும் முதல் அலசல் வெந்நீரில்தான். நேராகப் பச்சைத்தண்ணீரில் போட்டால் கரைந்த பசையும் சோப்பும் திரும்ப நூல் மேலேயே படியும்.

அடுத்தது தண்ணீர். கல்லூரி ஆய்வகத்தில் டிஸ்டில்டு வாட்டரில் பழகியவர்களுக்கு இது உறைக்காது. போர் தண்ணீரில் கால்சியம் இருந்தால் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காக நூலில் ஒட்டும். அந்த இடத்தில் சாயம் ஏறாது. 50 மி.லி. தண்ணீரில் அம்மோனியா பஃபர், நிறம் மாறிக் காட்டும் எரியோகுரோம் பிளாக்-டி சேர்த்து, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ.வின் 0.01 மோலார் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சிவப்பு நீலமாகும் வரை டைட்ரேட் செய்யுங்கள். செலவான மி.லி.யை 20-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கடினத்தன்மை (கால்சியம் கார்பனேட் கணக்கில்) என்பது வந்துவிடும். அதிகமென்றால் சோப்புக்கு முன்பே கால்சியத்தைக் கட்டிப்போட லிட்டருக்கு ஒரு கிராம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கினால் போர் தண்ணீரின் குணமும் மாறலாம். சித்திரையில் எடுத்த அளவை வைத்து ஆடியில் பசை எடுக்காதீர்கள்.

பசை முழுக்கப் போய்விட்டதா என்பதைக் கண்ணால் சொல்வது கஷ்டம். ஒரு துண்டு நூலைப் பிக்ரோகார்மின் என்ற சோதனைச் சாயத்தில் நனைத்து அலசினால் தெரிந்துவிடும்: மஞ்சள் என்றால் ஃபைப்ராயின், சிவப்பு தெரிந்தால் பசை மிச்சம். கழியில் (நூல் சிட்டத்தில்) கட்டு போட்ட இடத்தைத் தவறாமல் சோதியுங்கள். இறுகக் கட்டியிருந்தால் சிவப்பு அங்கேதான் நிற்கும்.

பிறகு எடை. ஒரு கிலோ கச்சாப் பட்டு பசை போனபின் 760 கிராம் நின்றது என்று வைப்போம். 2 சதவீத ஷேடுக்கு, அதாவது நூல் எடையில் 2 சதவீதச் சாயத்துக்கு, 15.2 கிராம் சாயம்; முன்கூட்டிக் கரைத்து வைத்த ஒரு சதவீத ஸ்டாக் கரைசலில் 1,520 மி.லி. பழைய ஒரு கிலோவுக்கே கணக்குப் போட்டு 20 கிராம் போட்டால் உண்மையில் விழுவது 2.6 சதவீதம். "மாதிரியை விட அழுத்தமா வந்துடுச்சு சார்" என்பதன் ரகசியம் இவ்வளவுதான். நூல் எடைக்கு முப்பது மடங்கு சாயத்தண்ணீர் (1:30) என்றால் மொத்தம் 22.8 லிட்டர், ஸ்டாக் கரைசலும் அதற்குள் அடக்கம்.

அமிலச் சாயத்தை 40 டிகிரியில் தொடங்கி, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் 85–90 வரை ஏற்றி, 45 நிமிடம் நிறுத்துங்கள். கொதிக்க விட்டால் இழைகள் உரசிப் பிசிறு கிளம்பும். பி.எச். 4.5–5-க்கு வேண்டிய அசிட்டிக் அமிலத்தை ஒரே தடவையாகக் கொட்டாமல் பாதி தொடக்கத்தில், பாதி சூடு ஏறியபின் விடுங்கள். கிளாபர் உப்பு (சோடியம் சல்பேட்) பற்றி வைவாவில் கட்டாயம் கேட்பார்கள்: பருத்தியில் ரியாக்டிவ் சாயத்தை நூலை நோக்கித் தள்ளும் அதே உப்பு, லெவலிங் வகை (சமமாகப் பரவும்) அமிலச் சாயத்தில் சாயம் ஏறும் வேகத்தைக் குறைக்கிறது. சல்பேட் அயனிகள் பட்டின் அமினோ இடங்களுக்குச் சாயத்தோடு போட்டி போடுகின்றன, அதனால்தான்.

சாயம் கழுவிப் போகாமல் பிடிக்கும் ஃபிக்ஸிங் ஏஜென்ட் போடுமுன் நன்றாக அலசுங்கள். அது கேட்டயானிக் (நேர்மின் சுமை உள்ளது), எதிர்மின் சுமையுள்ள சோப்பு மிச்சமிருந்தால் இரண்டும் கூடிப் பிசுபிசுப்பான புள்ளிகள் விழும். கடைசி அலசலில் லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் அசிட்டிக் அமிலம் விட்டால் பட்டுக்கே உரிய சரசரப்பு வரும். சாஃப்ட்னர் போட்டால் அது அடங்கிவிடும். அரக்கு பார்டரும் சந்தன நிற உடலும் ஒரே புடவையில் வருவதானால், அரக்குக் கழியை ஈர வெள்ளைத்துணியால் தேய்த்து, துணியில் ஏறிய கறையை 1 முதல் 5 வரை மதிப்பிடும் கிரே ஸ்கேலில் பாருங்கள். 5 என்றால் கறையே இல்லை. 3-க்குக் கீழே என்றால் அதைத் தறிக்கு அனுப்பாமல் மறுபடி சோப்பு அலசலுக்குத் திருப்புங்கள்.