காபாவின் இரண்டு முகம்

மூளையை அமைதிப்படுத்தும் வேதிப்பொருள் காபா என்றுதான் படித்திருப்போம். பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் யெஹெஸ்கெல் பென்-ஆரியின் குழு 1989இல் எலிக்குட்டிகளின் ஹிப்போகேம்பஸில் (மூளையின் நினைவுப் பகுதி) நேரெதிரானதைக் காட்டியது. பிறந்த சில நாட்களில் அதே காபா நரம்பணுக்களைத் தூண்டிவிடுகிறது! இளம் நரம்பணுவுக்குள் எதிர்மின்னூட்டம் கொண்ட குளோரைடு அதிகம். காபா அணுவின் சுவரில் உள்ள வழியைத் திறந்ததும் குளோரைடு வெளியே பாய்கிறது, அதனால் அணு தூண்டப்படுகிறது. வளர வளர கேசிசி2 என்ற புரதம் குளோரைடை வெளியேற்றிவிட, காபா அடக்கும் வேலைக்கு மாறுகிறது.

பச்சிளங்குழந்தைகளின் வலிப்புக்கு முதலில் தரப்படும் பீனோபார்பிட்டால், காபாவின் விளைவைக் கூட்டும் மருந்து. பல குழந்தைகளுக்கு அது ஏன் போதவில்லை என்பதற்கு இவ்வளவு தெளிவான விளக்கத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை. ஆனால் நரம்பணுவுக்குள் இருக்கும் குளோரைடைக் குறைக்கும் என்று எண்ணித் தரப்பட்ட புமெட்டனைடு என்ற மருந்து ஐரோப்பியச் சோதனையில் பலன் தரவில்லை. சில குழந்தைகளுக்குச் செவித்திறனும் பாதிக்கப்பட, சோதனை நிறுத்தப்பட்டது. படித்தபோது மனசு கனத்துப்போனது. அந்தக் குழந்தைகளுக்கு வேறொரு மருந்து சீக்கிரம் கிடைக்கவேண்டும்.