ஈரம் குறைந்த அறையில் ஒரு கிட்டார்

அந்த வெடிப்பை என் விரல்தான் முதலில் கண்டுபிடித்தது. இந்த நாட்டுக்கு வந்து மூன்றாவது மாதம், கடும் குளிர். இரவும் பகலும் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்த அறையில், சுவரோரம் சாய்த்து வைத்திருந்த கிட்டாரை எடுத்து மடியில் வைத்தேன். இடது கை கழுத்தோரம் போனபோது கழுத்தில் குறுக்காகப் பதித்த பிரெட் கம்பிகளின் முனைகள் முள் மாதிரி குத்தின. முன்பு அப்படிக் குத்தியதே இல்லை. கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குக் கீழே தடவிப் பார்த்தால், முன்பலகையில் மயிரிழை அகலத்துக்கு ஒரு பிளவு விளிம்பு வரை ஓடியிருந்தது.

அது பெரிய பெயர் போட்ட கிட்டார் இல்லை. ஆனால் அதன் முன்பலகை ஒட்டுப்பலகை அல்ல, முழு ஸ்புரூஸ் மரம். அதற்காகவே பல மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கினேன். கிளம்பும்போது கம்பிகளைத் தளர்த்தி, தலைப்பகுதிக்கு அடியில் துணிகளை மடித்து வைத்து, கேஸுக்குள் அசையாதபடி இறுக்கிக் கொண்டுவந்தேன். இரண்டு விமானங்கள், எத்தனையோ கைகள். அத்தனையையும் தாங்கி வந்தது, யாரும் தொடாமல் ஓர் அறையில் சும்மா நின்றபோது வெடித்துவிட்டது. வந்த புதிதில் வேலை கிடைக்காத நாட்களில்கூட நான் அழவில்லை. அன்றைக்கு அழுதேன்.

ஏன் வெடித்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. இப்போது தெரியும், அதனால் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வெட்டி இழைத்த பிறகும் மரம் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், திருப்பி விடும். பெரும்பாலான கிட்டார்களுக்கு 45 முதல் 55 சதவீதம் ஈரப்பதம்தான் ஏற்றது. வெளியே உறையும் குளிர்காற்றில் ஈரம் மிகக் குறைவு. அதை உள்ளே இழுத்துச் சூடாக்கும்போது அறை இன்னும் வறண்டுபோகும். 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடலாம். மரம் குறுக்குவாட்டில் சுருங்கும். பிரெட் கம்பி உலோகம், அது சுருங்காது. அதனால்தான் அதன் முனை வெளியே நீட்டிக்கொண்டு குத்துகிறது. முன்பலகையோ சுற்றிலும் ஒட்டப்பட்டிருக்கிறது. சுருங்க இடமில்லாதபோது பிளந்துவிடுகிறது.

மாடியில் குடியிருந்த ஒருவர் நான் வாசிப்பதைச் சில மாலைகளில் கேட்டிருக்கிறார். படிக்கட்டில் பார்த்தபோது, ஏன் இப்போதெல்லாம் சத்தமே வருவதில்லை என்று விசாரித்தார். அந்தக் கட்டடத்தில் என்னிடம் யாராவது கேட்ட முதல் கேள்வி அதுதான். வெடிப்பைப் பற்றிச் சொன்னேன். வியாழக்கிழமை மாலை கிட்டாரை எடுத்துக்கொண்டு தன்னோடு வரச் சொன்னார்.

ஒரு பொதுக்கட்டடத்தின் அடித்தளம். வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். கொஞ்ச நேரம் வாசிப்பார்கள், அப்புறம் ஒருவர் பேசுவார். தன் கைக்கு வந்த கிட்டார்களிலேயே உயிராக நினைத்தது எது, அது எப்படி வந்தது, இப்போது எங்கே இருக்கிறது. வாரத்துக்கு ஒருவர் என்ற முறையில் அது எப்போதிருந்தோ நடந்துகொண்டிருந்தது. அந்த நாட்டு மொழி எனக்கு அலுவலகத்துக்குப் போதுமான அளவுதான் வரும். ஆனால் கிட்டாரைப் பற்றி அவர்கள் பேசியதில் எனக்குப் புரியாத வாக்கியம் ஒன்றுகூட இல்லை.

நான் எதிர்பார்த்தது வேறு. விலை சொல்வார்கள், ஆண்டு சொல்வார்கள், யாரிடம் பழையது இருக்கிறது என்று பெருமை பேசுவார்கள் என்று நினைத்தேன். அன்று பேசிய பெண் புளூஸ் இசை வாசிப்பவர், தலை முழுக்க நரை. தன் இருபதுகளில் வாடகை கட்ட முடியாமல் விற்றுவிட்ட ஒரு கிட்டாரைப் பற்றித்தான் முழுநேரமும் சொன்னார். அதன் பின்பக்கத்தில் பெல்ட் கொக்கி உரசிய தழும்பு எந்த இடத்தில் இருந்தது என்பதைத் தன் வயிற்றில் கை வைத்துக் காட்டினார். நாற்பது வருடம் ஆகியும் அந்த இடம் அவருக்கு நினைவிருந்தது.

புளூஸ் கலைஞர் பி.பி. கிங்கின் லூசில் என்ற கிட்டாரைப் பற்றியும் அவர்தான் சொன்னார். 1949 குளிர்காலம், அர்கன்சாஸ் மாநிலத்தில் ட்விஸ்ட் என்ற சிற்றூர். நடன அரங்கைச் சூடாக்க ஒரு பீப்பாயில் மண்ணெண்ணெய் எரித்திருக்கிறார்கள். இரண்டு ஆண்கள் சண்டை போட்டு அதைத் தட்டிவிட, கட்டடம் தீப்பிடித்தது. வெளியே ஓடிவந்த கிங், கிட்டாரை உள்ளேயே விட்டுவிட்டது நினைவு வந்ததும் மறுபடி தீக்குள் புகுந்து அதை எடுத்து வந்தார். சண்டை லூசில் என்ற பெண்ணுக்காக நடந்தது என்று பிறகு தெரிந்தது. இனி இப்படி ஒரு மடத்தனம் செய்யக் கூடாது என்று தனக்கே நினைவூட்டிக்கொள்ள, கிட்டாருக்கு அந்தப் பெயரை வைத்தார். அதற்குப் பிறகு அவர் வாசித்த கிட்டார்கள் பலவும் லூசில்தான். தீக்குள் போனதைப் பலரும் வியப்பார்கள், தனக்கு அந்தப் பெயர்தான் பெரிது என்றார் அந்தப் பெண்.

உடனே இன்னொருவர், பாடகர் வில்லி நெல்சனின் டிரிக்கர் என்ற கிட்டாரின் கதையை எடுத்துவிட்டார். 1969-இல் வாங்கிய, மார்ட்டின் நிறுவனத்தின் என்-20. நைலான் கம்பி போட்ட, விரலால் வாசிப்பதற்காகச் செய்த கிட்டார் என்பதால் பிக் (கம்பியை மீட்டும் சிறு வில்லை) உரசாமல் காக்கும் தகடு அதில் கிடையாது. நெல்சன் அதைப் பிக்கால் வாசித்து வாசித்தே, முன்பலகையின் வட்டத் துளையான சவுண்ட் ஹோலுக்குப் பக்கத்தில் மரம் தேய்ந்து இன்னொரு ஓட்டை விழுந்துவிட்டது. அவரும் தன் வீடு எரிந்தபோது உள்ளே ஓடி அதைத்தான் மீட்டார். ஓட்டையோடு அதை இன்றும் மேடையில் வாசிக்கிறார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோது என் கேஸைத் திறக்கத் தயக்கம் போய்விட்டது.

கிட்டார் பழுது பார்க்கும் முதியவர் ஒருவர் அந்தக் கூட்டத்தில் உண்டு. அவரும் வேறொரு நாட்டிலிருந்து பல வருடங்களுக்கு முன் வந்து குடியேறியவர். சின்னக் கண்ணாடி ஒன்றை சவுண்ட் ஹோலுக்குள் விட்டு, விளக்கடித்துப் பார்த்தார். பசை போடுவார் என்று நினைத்தேன், போடவில்லை. இப்போது ஒட்டினால் தவறு என்றார். மரம் சுருங்கியிருக்கும்போது இடைவெளியை நிரப்பினால், பிறகு ஈரம் ஏறி விரியும்போது வேறு இடத்தில் தள்ளும். முதலில் இழந்த ஈரத்தை அது மெதுவாகத் திரும்ப வாங்கட்டும், பிளவு தானாக நெருங்கிய பிறகு ஒட்டுவோம் என்றார். துளையிட்ட சின்ன டப்பாவில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சை வைத்து, கேஸுக்குள் போட்டு மூடினார். மூன்று வாரம்.

அந்த மூன்று வாரத்துக்கு நான் வாசிக்கத் தன்னுடைய கிட்டாரைக் கொடுத்தார். மார்ட்டின் டி-28, எழுபதுகளில் செய்தது. முன்பின் தெரியாத என்னிடம் அதைக் கொடுத்தனுப்பியதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு நெகிழ்கிறது. அதைத் திருப்பிப் பார்த்தேன். கரும்பழுப்பில், ஊதா ஓடிய நேர்க்கோடுகள். எந்த மரம் என்று கேட்டேன். இந்திய ரோஸ்வுட் என்றார். எங்கள் மொழியில் அதற்கு ஈட்டி என்று பெயர். ஈட்டி, ஈட்டி என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது அரிதானபோது, மார்ட்டின் நிறுவனம் 1969-இல் இந்திய மரத்துக்கு மாறியது. அந்த அடித்தளத்தில் இருந்த கிட்டார்களில் நான்கைந்தின் முதுகு ஈட்டிதான். நான் வருவதற்குப் பல்லாண்டுகள் முன்பே அது இங்கே வந்து சேர்ந்து, குளிரைப் பழகிக்கொண்டு, நன்றாகவே ஒலித்துக்கொண்டிருந்தது. அன்று இரவு அதை மார்போடு அணைத்து வாசித்தபோது பின்பலகை அதிர்வது நெஞ்சில் தெரிந்தது. வந்த நாளிலிருந்து வீட்டில் இருக்கிறோம் என்று எனக்குத் தோன்றிய முதல் இரவு அது.

இடையில் ஒன்று. கிட்டாரோடு நாடு மாறுகிறவர்கள் அது எந்த மரம் என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. உரிய அனுமதி இல்லாமல் அதை எல்லை தாண்டிக் கொண்டுபோக முடியாது. 2017 தொடக்கத்தில் மற்ற ரோஸ்வுட் வகைகளையும் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தார்கள். இசைக்கலைஞர்கள் நிறைய அவதிப்பட்ட பிறகு, 2019 நவம்பரில் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு அவற்றில் விலக்குக் கொடுத்தார்கள். பிரேசில் மரத்துக்கு அந்த விலக்கு இல்லை.

முதியவரின் முறை வந்த வாரம் அவர் தன் டி-28 பற்றிப் பேசவில்லை. அதைச் செய்த நிறுவனத்தைத் தொடங்கிய கிறிஸ்டியன் பிரெடரிக் மார்ட்டின் பற்றிப் பேசினார். ஜெர்மனியில் மார்க்நியூகிர்ஷன் என்ற ஊர்க்காரர். வியன்னாவில் ஸ்டாஃபர் என்ற கிட்டார் செய்பவரின் பட்டறையில் தொழில் கற்றவர். மார்ட்டின் குடும்பம் மரச்சாமான் செய்பவர்களின் சங்கத்தைச் சேர்ந்தது. கிட்டார் செய்யும் உரிமை எங்களுக்குத்தான், தச்சர்களுக்கு இல்லை என்று வயலின் செய்பவர்களின் சங்கம் வழக்காடியது. அந்தச் சண்டை வருடக்கணக்கில் இழுத்தது. 1833-இல் மார்ட்டின் கப்பலேறி நியூயார்க் போய்விட்டார். பிறகு பென்சில்வேனியாவில் நாசரேத் என்ற ஊரில் குடியேறினார். அந்த நிறுவனம் இன்றும் அங்கேதான் இருக்கிறது. இதைச் சொல்லும்போது முதியவர் என்னையும், அவரைப் போலவே வந்து சேர்ந்த இன்னும் இருவரையும் பார்த்துப் பார்த்துச் சொன்னார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அப்படிக் கதைகள். அப்பாவோடு சேர்ந்து கிட்டார் செய்த ஓர் இளைஞன், குவீன் இசைக்குழுவின் பிரையன் மேயைச் சொல்லாமல் விடுவானா? 1963-இல் பதின்ம வயது மேயும் அவர் அப்பாவும் செய்யத் தொடங்கிய ரெட் ஸ்பெஷல் கிட்டார். கழுத்துக்கு ஒரு பழைய கணப்படுப்பின் மாடப்பலகை. அதிலிருந்த புழுத்துளைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்கள். சுருதியை ஆட்டும் டிரெமோலோவுக்கு மோட்டார் சைக்கிள் வால்வின் சுருள்வில். அதை மே ஆறு பென்ஸ் நாணயத்தால் வாசிக்கிறார். அந்த இளைஞனின் கிட்டார் சுருதியில் நிற்காது, கழுத்து கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருக்கும். அவன் அப்பா இப்போது இல்லை. அதைச் சரி செய்து தரவா என்று முதியவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது கனடா இசைக்கலைஞர் ராண்டி பாக்மனின் கதை. 1957-ஆம் ஆண்டின் ஆரஞ்சு நிற கிரெட்ச் 6120 கிட்டார். 1976-இல் டொரான்டோவில் ஒரு ஹோட்டலிலிருந்து திருடுபோனது. அதற்கு ஈடுசெய்ய அவர் கிரெட்ச் கிட்டார்களாக வாங்கிக் குவித்தார்; எதுவும் அதுவாகவில்லை. 2020-இல் ஒரு ரசிகர் பழைய படத்தில் தெரிந்த மரவரியை வைத்து இணையத்தில் தேடி, டோக்கியோவில் தாகேஷி என்ற இசைக்கலைஞர் கையில் அது இருப்பதைக் கண்டுபிடித்தார். தாகேஷி அதைக் கடையில் முறையாக வாங்கியவர், அவருக்கும் அது உயிர். கிட்டத்தட்ட அதே போன்ற இன்னொரு கிரெட்சைத் தேடிப் பிடித்து பாக்மன் கொண்டுபோனார். 2022 ஜூலை 1 அன்று டோக்கியோவில் இருவரும் மாற்றிக்கொண்டார்கள். 46 வருடம். கைரேகை மாதிரி, அந்த மரவரிதான் அதைக் காட்டிக்கொடுத்தது.

மூன்று வாரம் கழித்துக் கேஸைத் திறந்தபோது என் கிட்டாரின் பிளவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மூடியிருந்தது. முதியவர் பசையை விரலால் அழுத்தி உள்ளே இறக்கினார். சின்னச் சின்ன ஸ்புரூஸ் துண்டுகளை, மரவரி பிளவுக்குக் குறுக்கே போகும்படி, உள்பக்கமாக ஒட்டினார். கண்ணாடியை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். காசு வாங்க மறுத்துவிட்டார். அடுத்த வியாழக்கிழமை நீ பேசு என்றார்.

பேசப் போனேன். ஒட்டிய கிட்டார் மடியில். அதைப் பற்றித்தான் பேசுவதாக இருந்தேன், வீட்டில் சொல்லிப் பார்த்துக்கொண்டும் வந்திருந்தேன். ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது வேறு கிட்டார். நான் வாசிக்கக் கற்றுக்கொண்டது ஒட்டுப்பலகையில் செய்த பழைய கிட்டார் ஒன்றில். கம்பிகள் கழுத்திலிருந்து அவ்வளவு உயரத்தில் இருக்கும், ஒரு எஃப் கார்டு பிடிப்பதற்குள் விரல் கன்றிப்போகும். இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துவர முடியும் என்றபோது, யோசிக்காமல் நல்லதை எடுத்துக்கொண்டேன். பழையதைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்தேன். கேஸ்கூட இல்லை, போர்வையில் சுற்றிக் கொடுத்தேன். நான் தப்புத் தப்பாக வாசித்ததையெல்லாம் கேட்டது அதுதான். என்னை வாசிக்கிறவளாக ஆக்கியதும் அதுதான். இதைச் சொல்லி முடித்தபோது யாரும் பேசவில்லை. வயிற்றில் கை வைத்துத் தழும்பைக் காட்டினாரே, அந்தப் பெண் எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

இப்போது என் அறையில் ஈரப்பதம் காட்டும் கருவி ஒன்று இருக்கிறது. காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். இன்று 47.

பக்கத்து வீட்டுப் பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுகிறான். “அக்கா, சுருதி சேர்த்துக் குடுங்க” என்பான். டியூனர் ஆப் இருக்கிறதே என்று ஒருமுறை சொன்னேன். நீங்க வாசிச்சுக் காட்டுங்க, அதைக் கேட்டே சேர்க்கிறேன் என்றான். ஆறாவது கம்பியின் கனமான ஒலி போனில் சரியாக வராது. அதனால் பன்னிரண்டாவது பிரெட்டில் விரலை வைத்து, அதன் மேல் ஸ்தாயியைக் கொடுப்பேன். அந்தப் பக்கம் அவன் முறுக்குவது கேட்கும். அந்தச் சாவி எப்போதுமே கிறீச்சிடும்.

“கொஞ்சம் ஏத்து. இன்னும் கொஞ்சம். போதும், இறக்கு. சரி, அடுத்த கம்பி.”