3 கொடுத்தால் எத்தனை வருகிறது?

நான் பார்த்துக்கொள்ளும் சர்வர்கள் எல்லாவற்றிலும் ஒரே வரியில் ஒரு குட்டி ஸ்கிரிப்ட் இருக்கும். கொடுத்த எண்ணை எக்ஸிட் கோடாகத் திருப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான். எக்ஸிட் கோட் என்பது ஒரு கமாண்ட் முடியும்போது சொல்லும் எண்; 0 என்றால் வெற்றி, மற்றவை தோல்வி. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரானிலோ டிப்ளாய் ஸ்கிரிப்டிலோ புதிதாக ஒரு கருவியைச் சேர்க்கும்போது, முதலில் அதற்கடியில் இதை ஓடவிட்டு 3 கொடுப்பேன். பிறகு, கடைசி எக்ஸிட் கோடை வைத்திருக்கும் டாலர் கேள்விக்குறியை எக்கோ செய்து, என்ன வந்திருக்கிறது என்று பார்ப்பேன்.

வேறு சர்வரில் கமாண்டை ஓட்ட உதவும் எஸ்எஸ்ஹெச்சில் 3 போனால் 3 வரும். 255 மட்டும் வேண்டாம். இணைப்பே கிடைக்காவிட்டாலும் அதே எண்தான் வரும், எது எதென்று பிரிக்க முடியாது.

ஃபைல்களைத் தேடும் ஃபைண்டில்தான் எனக்குப் பயம் அதிகம். கிடைத்த ஃபைல்கள்மேல் ஒரு கமாண்டை ஓட்டச் சொல்லும் எக்ஸெக்கை செமிகோலனில் முடித்தால், உள்ளே இருக்கும் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபெயில் ஆனாலும் ஃபைண்ட் 0 கொடுத்துவிடும். செமிகோலனுக்குப் பதில் ப்ளஸ் போட்டால் 0 வராது. ஒரே ஒரு குறிதான் வித்தியாசம்! பழைய ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு நகர்த்தும் வேலையில் இந்தக் குறியை நம்பித்தான் அலர்ட்டே இருக்கிறது.

இன்புட்டில் வருவதை ஒரு கமாண்டுக்குக் கொடுத்து ஓட்டும் குனூ எக்ஸார்க்ஸ் வேறு மாதிரி. 1 முதல் 125 வரை எதைக் கொடுத்தாலும் கடைசியில் 123 என்றுதான் சொல்லும். 255 கொடுத்தால் மிச்ச இன்புட்டைப் படிக்காமல் அங்கேயே நின்று 124 தரும். நேரம் தாண்டினால் டைம்அவுட் கமாண்ட் தருவதும் 124தான். ஆகவே எக்ஸார்க்ஸை டைம்அவுட்டுக்குள் போட்டவர்கள், 124 வந்ததும் 'நேரம் போதவில்லை' என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

ஒரு கமாண்டின் அவுட்புட்டை அடுத்த கமாண்டுக்கு அனுப்பும் பைப்பின் கதை பலருக்கும் தெரியும். டேட்டாபேஸை பேக்கப் எடுக்கும் பிஜி டம்ப் பாதியில் விழுந்தாலும், அதைச் சுருக்க வரிசையில் கடைசியாக நிற்கும் ஜிஜிப்பின் 0தான் கையில் கிடைக்கும். பைப்ஃபெயில் என்ற ஷெல் அமைப்பை வைத்தால் பிடிபடும். பாஷ் ஷெல்லில் வெகுகாலமாக இருந்த இந்த வசதி, யூனிக்ஸ் வகைகளுக்கான பொதுத் தரமான போசிக்ஸின் 2024 பதிப்பில்தான் இடம்பிடித்தது. இவ்வளவு தாமதமாக வந்ததில் எனக்கு வருத்தமே.

அடுத்ததாக 256 கொடுத்துப் பாருங்கள். பாஷ் 0 என்று சொல்லும், ஏனென்றால் ஷெல்லுக்கு வந்து சேர்வது கடைசி எட்டு பிட் மட்டும்தான். ஃபெயில் ஆன டெஸ்ட்களின் எண்ணிக்கையையே எக்ஸிட் கோடாகக் கொடுக்கும் ஸ்கிரிப்ட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே சரியாக 256 டெஸ்ட் விழுந்தால் பில்ட் பச்சையாகிவிடும். எண்ணிக்கையை லாகில் எழுதுங்கள், எக்ஸிட் கோடுக்கு 1 போதும்.