கெண்டைக் குஞ்சின் முதல் பதினைந்து நாள் சாப்பாடு

மேட்டூரிலிருந்து ஆக்சிஜன் அடைத்த பையில் வரும் கெண்டை நுண்குஞ்சு 6 மில்லிமீட்டர்தான் இருக்கும். பொரித்து மூன்று நாள் வரை வயிற்றில் ஒட்டிய மஞ்சள்கருப் பை அதைக் காப்பாற்றும். பை வற்றியதும் வாய்க்கு அடங்கும் உயிர் இரை தண்ணீரில் இருந்தாக வேண்டும். ஓமலூர், மேச்சேரி பக்கம் பண்ணைக்குட்டையில் விட்ட குஞ்சு ஒரே வாரத்தில் காலியானால் பலரும் தீவனத்தைத்தான் குறை சொல்கிறார்கள். தண்ணீர் பழுக்கும் முன்பே, அதாவது அதில் உயிர் இரை பெருகும் முன்பே, குஞ்சை விட்டதுதான் பெரும்பாலும் காரணம்.

10 சென்ட் குட்டைக்கு 1 லட்சம் குஞ்சு போதும். விடுவதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே 200 கிலோ பசுஞ்சாணத்தைக் கரைத்து ஊற்றுங்கள். நுண்கண் வலையில் 50 லிட்டர் தண்ணீரை வடித்து, தேங்கியதைக் குழாயில் தெளியவிட்டால் 1 முதல் 2 மில்லி படிய வேண்டும். அதில் கொஞ்சத்தைக் கண்ணாடி டம்ளரில் விட்டு வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெண்புள்ளிகள் தத்தித் தத்தி நகரும். அவைதான் டாப்னியா, மொய்னா என்னும் மிதவை உயிர்கள். அவற்றைவிடச் சிறிய ரோட்டிஃபர் என்னும் மிதவை உயிர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, ஆனால் குஞ்சின் முதல் கவளம் அதுதான்.

சாணம் போட்டபின் நாளைக் கடத்தவும் கூடாது. சைக்ளாப்ஸ் என்னும் பெரிய மிதவை உயிர் பெருகிக் குஞ்சையே கடிக்கும். மல்லாந்து நீந்தும் பூச்சி அதைவிட மோசம், குஞ்சைப் பிடித்து உறிஞ்சிவிடும். விடுவதற்கு முந்தின நாள், காற்றில்லாத நேரமாகப் பார்த்து, 2.3 கிலோ எண்ணெயை 750 கிராம் சோப்பைக் கரைத்த தண்ணீரோடு கலந்து தெளித்தால், மேலே வந்து மூச்செடுக்க முடியாமல் அது சாகும்.

கைத்தீவனம் துணைக்குத்தான். கடலைப் புண்ணாக்கும் அரிசித் தவிடும் சம எடை, மாவாகச் சலித்தது: லட்சம் குஞ்சுக்கு முதல் ஐந்து நாள் தினமும் 600 கிராம், பிறகு 1.2 கிலோ. பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கு வேண்டவே வேண்டாம். மேகம் மூடிய நாளில் தீவனத்தை நிறுத்துங்கள். தின்னாமல் அடியில் அழுகுவது விடியற்காலை ஆக்சிஜனைத் தின்றுவிடும். குஞ்சுகள் மேலே வந்து வாய் பிளக்கும்.

15 முதல் 20 நாளில் குஞ்சு 25 மில்லிமீட்டர் எட்டும். பாதி தேறினாலே நல்ல தேர்ச்சி. அதுவரை எந்தக் கெண்டை வகையின் குஞ்சுக்கும் ஒரே இரைதான். விரலளவு வளரும்போதுதான் வாய்க்கேற்ற பழக்கம் வருகிறது. மேல்நோக்கிய வாய் கொண்ட கட்லா மேல்மட்டத்தில் மிதவை உயிர்களை அள்ளும், ஓரம் குஞ்சம்போல் பிரிந்த உதட்டால் ரோகு நடுமட்டத்தில் பாசியையும் தாவரத் துணுக்கையும் கொறிக்கும், கீழ்நோக்கிய வாயுள்ள மிர்கால் சேற்றில் மக்கியதைத் தேடும்.