ஏற்காட்டுக் குளிருக்குக் கசப்பு சேர்த்த பிராந்தி

நம்மூர் பிராந்தியில் எனக்குப் பிடிக்காதது அதன் இனிப்பு. பெரும்பாலான சரக்குக்கு அடிப்படை மொலாசஸிலிருந்து, அதாவது சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கரும்புப் பாகிலிருந்து எடுக்கிற ஸ்பிரிட்தான். மேலே கேரமல், வாசனை. அதில் கோலா வேறு ஊற்றுகிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

துபாயிலிருந்து வந்த மச்சினன் டியூட்டி ஃப்ரீயில் ஒரு காம்பாரியும், மூலிகை ஊறிய இனிப்பு ஒயினான சிவப்பு வெர்மூத்தும் வாங்கி வந்திருந்தான். காம்பாரி 1860-ல் இத்தாலியில் பிறந்த கசப்பு மது, ரத்தச் சிவப்பு. ஜின், காம்பாரி, வெர்மூத் மூன்றும் சம அளவு என்றால் நெக்ரோனி என்கிற காக்டெய்ல். ஜின் இருந்த இடத்தில் பிராந்தியை வைத்து அதே சம அளவில் போனால் திகட்டும், ஏனென்றால் மற்ற இரண்டிலுமே சர்க்கரை உண்டு. என் கணக்கு: பிராந்தி 45 மில்லி, காம்பாரி 20, வெர்மூத் 15. பாகற்காய்க் குழம்பில் வெல்லம் போடுவோமே, அதைத் தலைகீழாகச் செய்கிற வேலை.

சாறு எதுவும் சேராத கலவை என்பதால் குலுக்கக் கூடாது. காற்றுக்குமிழும் ஐஸ் துணுக்கும் சேர்ந்து கலங்கிவிடும். எவர்சில்வர் சொம்பில் பெரிய ஐஸ்கட்டிகளைப் போட்டு, நீளக் கரண்டியால் அரை நிமிடம் நிதானமாகச் சுற்றினேன். சொம்பின் வெளிப்பக்கம் வியர்த்து, பிடித்த கை மரத்துப் போகிற வரைக்கும். ஐஸ் உருகிச் சேர்கிற தண்ணீரும் இதில் ஒரு சேர்மானம்தான், 42.8 சதவீத பிராந்தி அது இல்லாமல் தொண்டையைக் கீறும்.

வடிகட்டி ஊற்றிய பிறகு, ஏற்காட்டுக் கமலா ஆரஞ்சின் தோலைக் கிளாஸுக்கு மேலே மடித்துப் பிழிந்தேன். தெறிக்கிற எண்ணெய் மூக்குக்குத்தான், நாக்குக்கு அல்ல. முதல் மடக்கில் கேரமல், உடனே ஆரஞ்சு, விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் ஒரு கசப்பு. அது போகவே மாட்டேன் என்கிறது. அடுத்த மடக்கைக் கேட்பதும் அந்தக் கசப்புதான்.

"மாமா, மருந்து மாதிரி இருக்கு" என்றான் மச்சினன். கிளாஸ் மட்டும் காலி.

கடிக்கச் சேலத்துத் தட்டுவடை செட் வைத்தோம். சரிப்படவில்லை, சட்னியின் காரம் கசப்போடு சண்டை போடுகிறது. வெறும் தட்டுவடை அருமை. ராத்திரி கீழே இறங்க வேண்டியவர்களுக்கு மட்டும் இது கிடையாது, 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. அப்புறம், வெர்மூத் என்பது ஒயின்தான். திறந்ததும் பிரிட்ஜில் வையுங்கள், அலமாரியில் நின்றால் புளித்த வாடை வந்துவிடும்.