கூலி நெல் நின்ற பிறகும் அறுப்பின் பண்டிகை

சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபைச் சங்கம் கூடியது. மார்ட்டின் லுத்தரின் சபைச் சீர்திருத்தத்தை நினைவுகூரும் சீர்திருத்தத் திருநாளிலிருந்து, விளைச்சலுக்கு நன்றி சொல்லிப் படைக்கும் அறுப்பின் பண்டிகை வரையிலான நிகழ்ச்சிகளுக்கு நாள் குறிப்பதற்காக ஆண்டுதோறும் இந்தப் பருவத்தில் கூடுகிற கூட்டம்தான் அது. வழக்கமாக அரை மணி நேரத்தில் முடிந்து, காப்பி குடித்துவிட்டுக் கலைந்துவிடுவோம். இம்முறை மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் முடியவில்லை. அறுப்பின் பண்டிகைக்கு இனிப் பொருளாகக் காணிக்கை வேண்டாம், வீட்டுக்கு ஒரு கவர் கொடுத்துப் பணமாகவே வாங்கிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னதில் தொடங்கியது பேச்சு.

முதலில் எங்கள் சபையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பொறையாறுக்கு மேற்கே, வீரசோழன் ஆற்றுப் பாசனத்தில் இருக்கிற ஒரு சிற்றூரின் லுத்தரன் சபை இது. பெயர்ப் பட்டியலில் 43 குடும்பங்கள் இருந்தாலும், ஞாயிற்றுக்கிழமைகளில் பாயில் வந்து உட்காருகிறவர்கள் அதில் பாதிக் குடும்பத்தினர்தாம். மற்றவர்கள் திருப்பூரிலும் சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள். ஒரே சபைகுருவின் பொறுப்பில் இருக்கிற எங்கள் குருசேகரத்தில் ஐந்து சபைகள் இருப்பதால் சபைகுரு ஐயா மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டுமே இங்கே வருவார்; திருவிருந்தும் அன்றுதான். ஏனைய ஞாயிறுகளில் உபதேசியார் நடத்துகிறார். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, நான்கு ஆண்டுகளாகச் சபையின் பொருளாளர். கணக்கு நோட்டு என் வீட்டு பீரோவில் இருப்பதால், யார் யாருக்கு எவ்வளவு நிலுவை என்பது எனக்கு மனப்பாடம் என்ற ஒரு சிறு அச்சம் சபையில் உண்டு. அதைக் கலைக்க நான் முயன்றதில்லை.

அறுப்பின் பண்டிகைக்கு முன்னால் வருபவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அக்டோபர் 31 அன்று சீர்திருத்தத் திருநாள் ஆராதனைக்குப் பின், ஒரு வேன் பிடித்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைத் தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்துக்கு அழைத்துச் செல்கிறோம். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். மழை தொடங்கிவிட்டால் கல்லறைத் தோட்டத்தில் கோரை முழங்கால் உயரத்துக்கு ஏறிவிடும் என்பதால், அதற்கு முந்தைய சனிக்கிழமையே வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வரவேண்டும். டிசம்பரில் வீடு வீடாகப் பாடிச் செல்லும் கீத பவனி மூன்று இரவுகள். சென்ற ஆண்டு கீபோர்டு நனைந்து ஒரு பக்கம் ஊமையாகிப்போனதால், இந்த ஆண்டு டோலக்கும் ஜால்ராவும் மட்டும் போதும் என்று முடிவு. டிசம்பர் 26 காலை, 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் இறந்தவர்களுக்காக மணி அடித்து ஜெபம் செய்வதும், 31ஆம் தேதி நள்ளிரவு ஆராதனையும் எப்போதும் போலவே. இவற்றில் எதற்கும் எதிர்ப்பு எழவில்லை.

பிப்ரவரி இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை என்று அறுப்பின் பண்டிகைக்கு நாள் குறித்தபோதுதான் வாலிபர் சங்கத்துத் தம்பி எழுந்து பேசினார். திருப்பூரில் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். கணக்குத் தெரிந்த பிள்ளை. ‘டீச்சர், நம்ம சபையில நிலம் வெச்சிருக்கிறவங்க அஞ்சு குடும்பம். அறுப்பே இல்லாதவங்க எதைக் கொண்டு வருவாங்க? கடையில பூசணிக்காய் வாங்கி வந்து வெச்சு, அதையே ஏலத்துல திரும்ப வாங்கறதுக்கு, கவர்ல பணம் போட்டா என்ன?’ என்று அவர் கேட்டார். உடனே மறுக்க எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி உண்மை.

என் சிறுவயதிலும் இந்தச் சபையில் நிலம் உள்ளவர்கள் சிலர்தாம். ஆனாலும் அறுப்பின் பண்டிகை அன்று ஆலயத்துக்குள் நெல் குவியும். அந்த நெல், அறுவடைக்குச் சென்ற பெண்கள் களத்தில் வாங்கிவந்த கூலி நெல். கதிர் அறுத்து, கட்டு கட்டி, தலைச்சுமையாகக் களத்துக்குக் கொண்டுசேர்த்து, அடித்துத் தூற்றிய பிறகு, மரக்காலால் அளந்து கொடுப்பார்கள். முதல் நாள் கூலியில் ஒரு படியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைத்துப் பண்டிகைக்குக் கொண்டுவருவது என் அம்மாவின் வழக்கம். இப்போது சம்பா அறுவடை முழுவதும் இயந்திரத்தால் நடக்கிறது. சில மணி நேரத்தில் வயல் வெறுமையாகி, நெல் டிராக்டரில் ஏறி நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குப் போய் ஈரப்பதம் பார்க்கக் காத்திருக்கிறது. நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்கள் போகிறார்கள், அதற்குக் கூலி பணமாக வருகிறது. நூறு நாள் வேலைக் கூலியும் வங்கிக் கணக்கில்தான். நெல் கையில் வருவதே நின்றுபோய்விட்டது.

கூலி நெல் காலத்தை நான் ஏங்கி நினைப்பதாக யாரும் எண்ண வேண்டாம். அளக்கிற மரக்கால் யார் கையில் இருந்தது என்பதை இந்த மண்ணில் பிறந்த எவரும் மறக்க முடியாது. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25 இரவு, இதே கீழத்தஞ்சையில் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதற்கு முன் நடந்த தகராறுகளின் நடுவில் இருந்தது கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதுதான். கிறிஸ்து பிறப்பு ஆராதனை முடிந்து வீடு திரும்பி உறங்கியதாகவும், விடிந்த பிறகே செய்தி வந்ததாகவும் என் பெரியம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்றிலிருந்து அவர் கிறிஸ்துமஸ் அன்று வீட்டு ஜெபத்தில் வெண்மணியையும் சேர்த்துக்கொள்வார். இந்த ஆண்டு அதை ஆலயத்தின் பொது ஜெபத்திலேயே சேர்க்கலாம் என்று உபதேசியார் சொன்னார், எவரும் மறுக்கவில்லை. இவ்வளவு காலம் ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

ஆக, நெல் போய்விட்டது என்பதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் பொருளை விட்டுவிட்டுக் கவருக்கு மாறுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்குக் காரணம் ஏலம். ஆராதனையில் பீடத்தின் முன் படைத்த பொருள்கள் அனைத்தும், ஆசீர்வாதம் கூறி முடிந்ததும், வெளியே புன்னை மரத்தடிக்கு வரும். வாழைத்தார், முருங்கைக்காய்க் கட்டு, பரங்கிக்காய், முட்டை, கோழி, பனங்கிழங்கு, முறுக்கு, மீன்காரர் குடும்பம் கொண்டுவருகிற கருவாடு, அந்த ஐந்து குடும்பங்களின் நெல் மூட்டை எல்லாம் அங்கே ஒரே வரிசையில் இருக்கும். ஒரு தரம், இரண்டு தரம் என்று கூவுவதற்கு ஒரு தனிக் குரல் வேண்டும்; எங்கள் சபையில் அது தையல்காரர் ஒருவருக்கு மட்டுமே வாய்த்திருக்கிறது. ஒரே எலுமிச்சம்பழம் ஐந்து முறை ஏலம் போகும். எடுத்தவர் பணத்தைச் சொல்லிவிட்டுப் பழத்தைத் திரும்பக் கொடுத்துவிடுவார், மறுபடி விடுவார்கள். கணக்கு எழுதுகிறவளுக்கு அது பெருந்தொல்லை என்றாலும், அந்தப் பழத்தில் ஐந்து வீட்டுப் பெயர் ஏறிவிடுகிறது.

அந்த மரத்தடிக்குச் சபையார் மட்டும் வருவதில்லை. பள்ளிவாசல் தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர் ஆண்டுதோறும் முதல் பரங்கிக்காயைத் தாம்தான் எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பார். ஆற்றங்கரையில் நிலம் வைத்திருக்கிற மிராசு வீட்டுப் பெரியவர், தம் வயலின் முதல் கதிர்க்கட்டை அய்யனாருக்கு ஒன்று, எங்கள் ஆலயத்துக்கு ஒன்று என்று பிரித்துத்தான் அனுப்புகிறார். கவரைக் கொடுத்துப் பணம் வாங்குவதென்றால் இவர்களை எங்கே நிறுத்துவது? அதோடு, கவரில் போடும் தொகை பொருளாளராகிய எனக்குத் தெரியும். ஏழை வீட்டுக் கவரும் வசதியான வீட்டுக் கவரும் என் மேசைக்கு வந்துவிடும். முருங்கைக்காய்க் கட்டு எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதை மரத்தடியில் யாரும் கேட்பதில்லை.

கூட்டத்தில் நான் இதைச் சொன்னபோது, மூத்த அக்கா ஒருவர் பிடியரிசியை நினைவூட்டினார். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்து, மாதக் கடைசியில் ஆலயத்துக்குக் கொண்டுவரும் பழக்கம் எங்கள் சபையில் ஏழெட்டு வீடுகளில் இன்றும் இருக்கிறது. நிலம் இல்லாதவருக்கும் அடுப்பு உண்டு. இதையே எல்லா வீடுகளுக்கும் விரித்து, நவம்பர் முதல் ஞாயிற்றில் வீட்டுக்கு ஒரு டப்பா கொடுப்பது என்று முடிவாயிற்று. ரேஷன் அரிசியைப் போடலாமா என்று ஒருவர் கேட்டதும் அறை சிரிப்பில் அதிர்ந்தது. போடலாம், ஆனால் அதை ஏலம் விட மாட்டோம். பண்டிகை மதியத்தில் முதியோருக்குச் சமைக்கிற சாப்பாட்டுக்கு அது போகும். வாலிபர் சங்கத் தம்பியின் யோசனையிலும் பாதியை எடுத்துக்கொண்டோம். வெளியூரில் இருப்பவர்கள் வாட்ஸ்அப் காணொளி வழியாக ஏலம் கேட்கலாம், பணத்தை ஜிபேயில் அனுப்பலாம். சென்ற ஆண்டு கத்தாரிலிருந்து ஒருவர் அப்படித்தான் ஒரு கோழியை எடுத்து, அதைத் தம் அம்மாவிடமே கொடுத்துவிடச் சொன்னார். அந்த அம்மா அதை அறுக்கவில்லை. அது இப்போதும் சாவடிப் பக்கம் மேய்கிறது. ஏல நிலுவையை ஈஸ்டருக்குள் கட்ட வேண்டும் என்ற என் கோரிக்கை மட்டும் வழக்கம்போல் ‘பார்ப்போம்’ என்பதோடு நின்றது.

பண்டிகை அன்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வேதாகமத்தில் வரும் ரூத்தின் கதையை நாடகமாக நடிக்கப்போகிறார்கள். தரங்கம்பாடிப் பயணத்தை முன்கூட்டி வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1706 ஜூலை 9 அன்று அந்தக் கரையில் இறங்கிய ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்க், தமிழில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு அங்கேயே 1715இல் அச்சாகி முடிந்தது. பழைய ஏற்பாட்டை அவர் ஆதியாகமம் தொடங்கி ரூத்தின் புத்தகம் வரை மொழிபெயர்த்திருந்தபோது, 1719 பிப்ரவரியில், 36ஆம் வயதில் காலமானார். மீதியை முடித்தவர் அவருக்குப் பின் வந்த மிஷனரி பெஞ்சமின் சூல்ட்சே. சீகன்பால்கின் கல்லறை அந்த ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறது. அவர் கை நின்ற இடம் கதிர் பொறுக்கிப் பிழைத்த ஒரு பெண்ணின் கதை என்பதைப் பிள்ளைகளுக்கு அந்தக் கல்லின் அருகில் நிறுத்திச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

ஆனால் ஒத்திகையின் முதல் நாளிலேயே ஒரு சிக்கல். ‘கதிர் பொறுக்குவது’ என்றால் என்ன என்று ரூத்தாக நடிக்கும் பெண் கேட்டாள். அறுத்த வயலில் சிந்திய கதிர்களைப் பொறுக்கிக் கைநிறையச் சேர்த்து, ஐஸ்காரரிடம் மாற்றிய தலைமுறை என்னுடையது. அவள் வயலில் இயந்திரம் ஓடுவதை மட்டுமே பார்த்திருக்கிறாள். மிராசு வீட்டுப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். இயந்திரத்தால் வயலின் மூலைகளில் திரும்பி அறுக்க முடியாது, அங்கே ஆளை விட்டுத்தான் அறுக்க வேண்டும், இந்த முறை ஈசானிய மூலையைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுகிறேன் என்றார். வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமல் எளியவனுக்கு விடு என்று வேதாகமத்தின் லேவியராகமத்தில் இருப்பதை அவரிடம் சொன்னபோது, ‘அது அந்த மிஷினுக்கும் தெரிஞ்சிருக்கும்மா’ என்றார்.

தை பிறந்ததும் ஒரு சனிக்கிழமை காலை அந்த மூலையில் பெரியவர்கள் அறுக்க, பிள்ளைகள் பொறுக்கப் போகிறார்கள். அதற்கு ஆறு கருக்கரிவாள்களாவது வேண்டும். வீடு வீடாகக் கேட்டதில் இதுவரை மூன்று கிடைத்திருக்கின்றன. ஒன்று என் அம்மாவுடையது, பல் மழுங்கி, பிடி உளுத்துப் போயிருக்கிறது. பொங்கலுக்குள் அதற்குப் புதுப் பிடி போட்டு வைக்கும்படி செம்பனார்கோவில் கொல்லுப்பட்டறையில் கொடுத்திருக்கிறேன். வீட்டுப் பரணில் கருக்கரிவாள் வைத்திருப்பவர்கள், துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, கல்லறைத் தோட்டம் சுத்தம் செய்யும் சனிக்கிழமை அன்று மண்வெட்டியோடு சேர்த்துக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிடவும்.